கார் போர்ச்சை பட்டறையா மாத்துனேன்: கூரை பாஸ், வயரிங் பாஸ், தரை ரிஜெக்ட்

மொதல்லயே சொல்லிடறேன், கொந்திராக்டர் பேரு போட மாட்டேன், தனியா மெசேஜ் பண்ணியும் கேக்காதீங்க. பாதி வேலைய அருமையா செஞ்சாரு, பாதி வேலைல என்ன அழ வெச்சாரு, பேரு போட்டு எழுதுனா ஜனங்க கெட்டத மட்டும் தான் ஞாபகம் வெச்சுக்குவாங்க. அதுவும் இல்லாம அவரு எங்க ஏரியா பையன், கோயில்ல மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும்.

காராஜ், கதவு தொறந்தா தானா மேல போறது, அதெல்லாம் வேற நாட்டுக் கதை. நமக்கு வாய்ச்சது கார் போர்ச். எங்க வீடு மலேசியால, பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த் பக்கம் மாடி இல்லாத டெரஸ் வீடு, முன்னால 20 அடிக்கு 18 அடி போர்ச், மேல இருபது வருஷத்து சிங்க் தகரக் கூரை, அதுக்கு அடியில வீட்டுக்காரரோட மைவி கார், ஓடாத வாஷிங் மெஷின் ஒன்னு, தீபாவளிக்கு மட்டும் எறக்குற பெரிய அண்டா, மகன் ஆறாவது படிக்கறப்ப ஓட்டுன சைக்கிள். மூனு மணிக்கு அங்க போய் நின்னீங்கன்னா மண்டைய அவிச்ச மாதிரி இருக்கும்.

நான் 26 வருஷம் பினாங்கு தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை பாத்தவ. விடிகாலைல ஃபேக்டரி பஸ் ஏறி பாலம் தாண்டிப் போய், மொத பத்து வருஷம் சோல்டரிங் லைன், அப்புறம் கியூசி, அதாவது தரம் பாக்கறது, மைக்ரோஸ்கோப்புல கண்ண வெச்சு எலக்ட்ரானிக் போர்டு போர்டா பாக்கற வேலை. விஎஸ்எஸ் (நாமளா வேலைய விட்டா காசு குடுக்கற திட்டம்) குடுத்தாங்க, வாங்கிட்டு வந்துட்டேன். வந்த ரெண்டாவது மாசமே கை நமநமன்னு இருக்கு. பழைய ரேடியோ, ஃபேன், தையல் மெஷின் இதெல்லாம் பிரிச்சு சரி பண்றது எனக்கு ரொம்ப நாளா பிடிச்ச விஷயம், அத சமையக்கட்டு மேசைல தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன், ரசத்துல சோல்டர் பண்ற ஃபிளக்ஸ் வாசம் வருதுன்னு வீட்டுக்காரர் சொன்ன அன்னிக்கு முடிவு பண்ணேன், போர்ச் எனக்கு, கார் வெளிய. அவரு ரெண்டு நாள் பேசல. அப்புறம் பேசிட்டாரு.

மூனு கொந்திராக்டர கூப்ட்டு கொட்டேஷன் வாங்குனேன். மூனு பேரும் வந்த ஒடனே கேட்ட மொத கேள்வி ஒன்னு தான்: "அண்ணன் இல்லையா அக்கா?" ஒருத்தர் அளவு எடுக்கற டேப்ப கைல வெச்சுக்கிட்டு, அண்ணன் வந்ததும் பேசிக்கலாம்னு கோப்பி குடிச்சிட்டு கெளம்பிட்டாரு. நான் கடைசில எடுத்த பையனும் அப்படித்தான் ஆரம்பிச்சான், "அண்ணன் காசு குடுக்கல தம்பி, அக்கா தான் குடுக்கறேன், எங்கிட்ட பேசு"ன்னேன், சட்டுனு பிடிச்சுக்கிட்டான், அதுக்கப்புறம் ஒரு நாள் கூட அண்ணன தேடல. அதுக்காகவே அவனுக்கு ஒரு மார்க்.

இன்னொரு விஷயம், இத முன்னாடியே சொல்லணும். போர்ச் நம்ம வீட்டு எல்லைக்குள்ள தானே இருக்கு, யார கேக்கணும்னு நெனைக்காதீங்க. 1974-ஆம் வருஷத்து சாலை, வடிகால், கட்டடச் சட்டம்னு ஒன்னு இருக்கு, சட்டம் 133, அதுல 70-வது பிரிவு ஊராட்சி மன்றத்தோட எழுத்துபூர்வ அனுமதி இல்லாம கட்டடம் எழுப்பக் கூடாதுன்னு சொல்லுது, இருக்கற கட்டடத்த மாத்திக் கட்டுறதும் அதுல வருது. நாங்க எம்பிஎஸ்பில (செபராங் பிறை மாநகர் மன்றம்) போய் வரைபடம் குடுத்து எழுதி வாங்கிட்டு தான் ஆரம்பிச்சோம். "யாரும் செய்றதில்ல அக்கா"ன்னு சொல்ற கொந்திராக்டர்கிட்ட, நாளைக்கு நோட்டீஸ் வந்தா உன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லவான்னு கேளுங்க.

சரி, கூரை. இது தான் இந்த மொத்த வேலையோட உயிர், என் காசுல பெரும்பங்கு இதுக்குத்தான் போச்சு, 12,200 வெள்ளி (ரிங்கிட்), ஒரு சென் கூட வீண் இல்ல. பழைய சிங்க்க பிரிச்சு எடுத்துட்டு மெட்டல் டெக் தகடு போட்டாங்க, அடியில சூட்ட தடுக்கற பியூ ஃபோம் ஒட்டுன ரகம். பாலிகார்பனேட் போட்டா வெளிச்சம் வரும், காசும் கம்மின்னு ஒருத்தர் சொன்னாரு, வெளிச்சத்தோட சூடும் தான் வரும், வேணாம்னேன். கியூசி புத்தி விடல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் மூனு மணிக்கு துப்பாக்கி மாதிரி இருக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர சிங்க் அடிப்பக்கம் காட்டுனேன், 57 டிகிரி. புதுக் கூரை போட்டு, அதே மாதிரி வெயில் அடிச்ச ஒரு நாள் அதே மூனு மணிக்கு காட்டுனா 37. காத்தோட சூடு பெருசா மாறாது, நம்ம ஊர் காத்து நம்ம ஊர் காத்து தான், ஆனா மண்டை மேல அடுப்பு எரியற மாதிரி ஒரு அனல் இருக்கும் பாருங்க, அது சுத்தமா போயிருச்சு. மழை சத்தமும் கொறஞ்சிருச்சு, முன்னல்லாம் மழை பேஞ்சா பக்கத்துல நிக்கறவங்ககிட்ட கத்தணும், இப்ப ரேடியோ கேக்குது.

இன்னும் ஒன்னு அவங்க சரியா செஞ்சது, தூம்பு. மழைத்தண்ணி போற அந்தக் கால்வாய சரியா சாய்வு வெச்சு மாட்டிருக்காங்க. வேலை முடிஞ்ச அன்னிக்கே பையன ஏணில ஏறச் சொல்லி ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொன்னேன், ஊத்துனான், பத்து நிமிஷம் கழிச்சு போய் பாத்தா ஒரு இடத்துல கூட தேங்கல. டிங்கி கொசு உக்கார அரை கிளாஸ் தண்ணி போதும், இத யாரும் செக் பண்றதில்ல. கூரைக்கும் முன்பக்க கிரில்லுக்கும் நடுவுல ஒன்றரை அடி காலியா விட்டு அதுல கொசுவலை கம்பி அடிச்சுக் குடுத்தாங்க, சூடு மேல போய் அது வழியா வெளிய போயிடுது. இது அந்தப் பையனோட ஐடியா. நான் முழுசா மூடி ஏர்கோன் போடலாமான்னு நெனைச்சேன், "கரண்ட் பில்லுக்கு வேலைக்கு போகணும் அக்கா, நீங்க இப்பதான் வேலைய விட்டீங்க"ன்னான். நல்ல பையன் தான், தரைக்கு வர்றப்ப தான் கெட்டுப் போறான், இருங்க வரேன்.

வயரிங். இதுக்கு அவங்க அனுப்புன வயர்மேன் ஒரு சீன அங்கிள், அறுபது வயசுக்கு மேல இருக்கும், மலாய்ல பேசி நடுவுல "சரி சரி", "கொஞ்சம் பொறு"ன்னு தமிழ விடுவாரு. இத்தன வருஷத்துல நான் பாத்த சுத்தமான வேலைக்காரங்கள்ல இவரு ஒருத்தரு. பழைய நெலம என்னன்னா போர்ச்சுல இருந்த ஒத்த பிளக்குக்கு படுக்கறை பிளக்குலேர்ந்து ஒட்டு போட்டிருந்தாங்க, நான் ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் வேற இழுத்து வெச்சிருந்தேன். அத பாத்துட்டு என்ன பாத்தாரு, ஒன்னும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனாரு, அது போதும், வெக்கமா போச்சு. மெயின் போர்டுலேர்ந்து தனி லைன், லோடு மீறுனா விழற 20 ஆம்ப்பியர் எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், கரண்ட் கசிஞ்சா விழற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, பைப்புக்குள்ள சுவரோரமா நேர்கோடு பிடிச்ச மாதிரி எடுத்துட்டுப் போனாரு. பிளக் எல்லாத்தையும் தரைலேர்ந்து நாலு அடி ஒசரத்துல வெக்கச் சொன்னேன், ஏன்னா 2017 நவம்பர்ல பினாங்கே முழுகுச்சே, அந்த வெள்ளத்துல எங்க போர்ச்சுல ஒரு அடி தண்ணி, பழைய பிளக் தண்ணிக்குள்ள இருந்துச்சு, அந்த ராத்திரிய நெனைச்சா இப்பவும் வயித்த கலக்குது. பட்டறை மேசைக்கு மேல பிளக் இருந்தா வேலைக்கும் வசதி, குனிய வேணாம்.

முடிச்சுட்டு ஒவ்வொரு பிளக்குக்கும் டெஸ்ட்டர் வெச்சு எர்த் பாத்தாரு, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுத்தி விழுதான்னு காட்டுனாரு, மாசம் ஒரு தரம் நீங்களே அமுத்தணும்னு என்னையும் ஒரு தரம் அமுத்த வெச்சாரு. போராங் ஜி, போராங் எச் ரெண்டும் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. இது ரொம்ப பேருக்கு தெரியாது, வயரிங் வேலை முடிஞ்சா மேற்பார்வைக்கு ஒரு ஃபாரம் (ஜி), டெஸ்ட்டுக்கு ஒரு ஃபாரம் (எச்) வாங்கி வெச்சுக்கணும், வயர்மேன் சுருஹான்ஜாயா தெனாகால (எரிசக்தி ஆணையம்) பதிஞ்சவரா இருக்கணும், ஃபேன் மாட்டத் தெரிஞ்ச யாரையாவது பிடிச்சு செய்ற வேலை இல்ல இது. 1,750 வெள்ளி. ஃபேக்டரில போர்ட கிளாஸ் 1, 2, 3ன்னு பிரிப்போம், கிளாஸ் 3 ஏரோப்பிளேனுக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் போறது, அங்கிள் வேலை கிளாஸ் 3. ஒரே ஒரு ரீவொர்க், எக்ஸாஸ்ட் ஃபேன கொந்திராக்டர் பையன் வாசப்பக்கம் குறிச்சுக் குடுத்துட்டான், சோல்டர் பண்ற எடம் மறுபக்கம், பொகை என் மூஞ்சிய தாண்டிப் போய்த் தான் வெளிய போகணும். ரோசின் பொகை ஆஸ்துமா குடுக்கற சாமான், லைன்ல கூட இருந்த ரெண்டு பேருக்கு வந்து பாத்திருக்கேன். சொன்னதும் காசு கேக்காம மாத்திக் குடுத்தாங்க.

இப்ப தரை.

எப்பாக்ஸி போடலாம் அக்கா, ஷோரூம் மாதிரி பளபளன்னு இருக்கும்னான். எப்பாக்ஸின்னா தரை மேல பூசற கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு. படம் காட்டுனான், எனக்கும் ஆசை வந்துருச்சு, எங்க ஃபேக்டரி தரையே எப்பாக்ஸி தானே, 26 வருஷம் அதுல தான் நடந்தேன். 1,900 வெள்ளி. என் தப்பும் இதுல இருக்கு, ஃபேக்டரி தரை எப்படிப்பட்டது, எங்க வீட்டு போர்ச் தரை எப்படிப்பட்டதுன்னு நான் யோசிச்சிருக்கணும். பழைய போர்ச் சிமெண்ட் நேரா மண்ணு மேல ஊத்துனது, அடியில பிளாஸ்டிக் ஷீட் கிடையாது, மண்ணோட ஈரம் சிமெண்ட் வழியா மேல ஏறிக்கிட்டே இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா மேல வந்ததும் காஞ்சிரும். அது மேல எப்பாக்ஸிய மூடுனா அந்த ஈரத்துக்கு போக வழியில்ல, கீழேர்ந்து தள்ளும்.

இத பாக்கறதுக்கு பெரிய மெஷின் ஒன்னும் வேணாம். 18 இஞ்சுக்கு 18 இஞ்சு பிளாஸ்டிக் ஷீட்ட தரைல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டுட்டு பிரிச்சு பாக்கணும், அடியில வேர்த்திருந்தாலோ சிமெண்ட் கருத்திருந்தாலோ எப்பாக்ஸி போடக் கூடாது, அவ்ளோ தான். அதோட கிரைண்டர் போட்டு சிமெண்ட்டோட மேல்தோல எடுக்கணும், அப்பத் தான் பிடிக்கும். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, முந்தின நாள் சாயங்காலம் வாட்டர் ஜெட் அடிச்சு கழுவுனாங்க, மறுநாள் காலைல ஒம்பது மணிக்கு பிரைமர் (மொத பூச்சு) ரோலர் ஓடுது. நான் அன்னிக்கு கிளினிக் போயிருந்தேன், வீட்டுக்காரர் தான் இருந்தாரு, அவருக்கு பளபளன்னு ஆனா சரி. கிரைண்டர் லோரிய விட்டே எறங்கல.

மூனு வாரம். சாம்பல் கலர்ல கண்ணாடி மாதிரி இருந்துச்சு, பக்கத்து வீட்டு காக் (மலாய்ல அக்கா) வந்து செருப்ப கழட்டிட்டு நடந்தாங்க. நாலாவது வாரம் மழை நல்லா பிடிச்சுச்சு, மூலைல ஒரு கொப்புளம், அப்புறம் ரெண்டு, அப்புறம் எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி மொத்தமா உப்பிருச்சு, கால வெச்சா பொடக்குன்னு ஒடையுது. ஃபோன் பண்ணேன். வந்து பாத்துட்டு பையன் சொல்றான், "கிளைமேட் அக்கா." எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "கிளைமேட்டா? ஏன் தம்பி, நீ நேத்து தான் இந்த நாட்டுக்கு வந்தியா?"ன்னு கேட்டேன். தலைய குனிஞ்சுக்கிட்டான். அடுத்த ரெண்டு வாரம் மெசேஜ் பாத்தாலும் பதில் இல்ல, நீல டிக் மட்டும் வருது. கெட்ட பொருள் எல்லா லைன்லயும் வரும், அது பெரிய விஷயமில்ல, வந்ததுக்கப்புறம் சூப்பர்வைசர் எங்க போய் ஒளிஞ்சுக்கறாருன்னு பாத்துத் தான் அந்த லைன எடை போடணும்.

என்ன காப்பாத்துனது காசு குடுத்த விதம். அவன் மொதல்ல பாதி கேட்டான், நான் முடியாதுன்னு முப்பது, நாப்பது, இருபது, கடைசி பத்து விழுக்காடு எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுன்னு காகிதத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அவன் கம்பெனி சாப்பும் (முத்திரை) வாங்கி வெச்சிருந்தேன். அந்தக் கடைசி பத்து எங்கிட்ட தான் இருந்துச்சு. அப்புறம் தானா வந்தான். எப்பாக்ஸிய மொத்தமா சொரண்டி எடுத்தாங்க, ரெண்டு நாள் தூசி, 1,000 வெள்ளிய பில்லுல கழிச்சாங்க, மிச்சம் 900 எனக்கு போச்சு. இப்ப வெறும் சிமெண்ட் தரை தான், மேசைக்கு முன்னால மட்டும் ரப்பர் பாய். நிக்கறதுக்கு சொகமா இருக்கு, ஸ்க்ரூ விழுந்தா குதிச்சு ஓடாது. ஒங்க போர்ச் பழசா இருந்தா எப்பாக்ஸி பக்கம் போகாதீங்க, டைல்ஸ் போடுங்க, இல்ல சும்மா விடுங்க.

ரெண்டு வாரம்னு சொன்ன வேலை அஞ்சு வாரம் ஓடுச்சு, அதுல தைப்பூசத்துக்கு நாலு நாள் போனத நான் கணக்குல சேக்கல. வேலைக்கு வந்த ரெண்டு பையன்களும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு காவடி எடுக்கறவங்க, விரதத்துல ஒரு வேளை சாப்ட்டுட்டு வெயில்ல கூரை மேல நின்னு வெல்டிங் அடிச்சானுங்க, அவங்கள என்னத்த சொல்றது, நானே தான் மோர் கலக்கிக் குடுத்தேன்.

லைட்டு பத்தி சுருக்கமா: மஞ்ச டவுன்லைட்டு போடலாம்னான், ஹோட்டல் லாபியா இதுன்னு கேட்டு நாலடி எல்இடி டியூப் நாலு, 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம், போட வெச்சேன். சோல்டர் ஜாயின்ட் பளபளக்குதா மங்கலா இருக்கான்னு மஞ்ச வெளிச்சத்துல தெரியாது. ஈசி சேர் மூலைக்கு மட்டும் ஒரு மஞ்ச பல்பு.

மேசை கொந்திராக்டர் கணக்குல இல்ல, நானே மரக்கடைல பலகை வாங்கி அடிச்சது. கித்தா மரம், அதான் ரப்பர் மரம், ஒன்றரை இஞ்சு தடிப்பு. எங்க தாத்தா தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு, காலைல இருட்டுல தலைல லைட்ட கட்டிக்கிட்டு போவாராம். அப்பல்லாம் இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் குடுத்து ஓஞ்ச மரத்த சாய்ச்சா வெறகுக்குத் தான் போகும், மேசை நாற்காலி செய்யலாம்னு கண்டுக்கிட்டதெல்லாம் பின்னாடி. கடைக்காரரு விலை சொன்னப்ப தாத்தா கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாரேன்னு சிரிப்பு வந்துச்சு. ஒரு எச்சரிக்கை, கித்தா மரம் மருந்து ஏத்துனதான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா பூஞ்சையும் பூச்சியும் பிடிச்சுக்கும், மழைச்சாரல் படற எடத்துல போடாதீங்க. ஒசரம் என் முழங்கைக்கு அளவெடுத்தது. 26 வருஷம் யாரோ ஒரு அளவுல செஞ்ச மேசைல ஒக்காந்து தோள்பட்டை போனது போதும்.

சாமான இறுக்கிப் பிடிக்கற வைஸ், ஸ்பேனர் செட், ஒரு பழைய கை டிரில் எல்லாம் லோரோங் கூலிட்ல ஞாயித்துக்கெழமை காலைல போய் பொறுக்குனது, பினாங்கு ஸ்டேடியம் பக்கத்துல இருக்கே அந்தப் பழைய சாமான் சந்தை. வைஸ் 45 வெள்ளி, துரு பிடிச்சு கெடந்துச்சு, ரெண்டு நாள் மண்ணெண்ணெயில ஊற வெச்சேன், இப்ப வெண்ணெய் மாதிரி திரும்புது. புதுசா பளபளன்னு அலமாரி செட்டு வாங்கற காச கூரைலயும் வயர்லயும் போடுங்க, சாமான் மெதுவா தானா வந்து சேரும். எங்க வீட்டுல எப்படி வந்து சேருதுன்னா, காக் அவங்க பிளெண்டர கொண்டாந்தாங்க, எதுத்த வீட்டு சீன ஆண்ட்டி ரெண்டு ஸ்டேண்ட் ஃபேன், கோயில்ல மைக் செட்டு. தனியா இருக்கத் தான் இந்த எடத்த கட்டுனேன், இப்ப வரிசைல நிக்கறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கிரில்ல பூட்டிட்டு ஈசி சேர்ல சாஞ்சு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) வெச்சுக்கிட்டு ரேடியோல மின்னல் எஃப்எம் போடுவேன், அந்த ஒரு மணி நேரம் யாரு கூப்ட்டாலும் காது கேக்காது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும், அவரு வெளிய மரத்தடில நிக்கற மைவில குருவி எச்சத்த தொடச்சுக்கிட்டு இருப்பாரு.

மார்க் கேட்டா கூரைக்கு அஞ்சு, வயரிங்குக்கு அஞ்சு, தரைக்கு சைபர், ஃபோன் எடுக்காததுக்கு இன்னும் அரை கழிச்சுக்கறேன். மறுபடி கூப்டுவேனா? கூரைக்கு கூப்டுவேன்.

போன வாரம் அந்தப் பையன் ஃபோன் பண்ணான். "அக்கா, ஒரு கஸ்டமர் புது கூரை போடணுங்கறாங்க, ஒங்க வீட்டுல வந்து பாக்கலாமான்னு கேக்குறாங்க." வரச் சொல்லு தம்பி, தாராளமா பாக்கட்டும்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் கேக்கறான், "தரைய பத்தி ஏதாச்சும் சொல்லுவீங்களா அக்கா?"

"கேட்டா சொல்லுவேன்."